சினிமாவுக்குப் போகிற துண்டு

வெள்ளைத் துண்டு, இரண்டு பக்கமும் சிவப்புக் கரை. ஒரு மூலை கிழிந்துபோய், தார்ப்பாய் தைக்கிற தடித்த நூலால் மடக்கித் தைத்திருக்கும். உங்கள் பெரிய அத்தை சினிமாவுக்குக் கிளம்புகிற அன்று தலைக்குப் பூ கிடைக்கிறதோ இல்லையோ, கொடியில் கிடக்கும் அந்தத் துண்டை உருவி நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். கைக்குட்டை அவளுக்குக் காணாது. “அது மூக்கு சிந்தவே பத்தாதுலே” என்பாள். துண்டைப் பார்த்ததும் தெருவில் உள்ளவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். “ஏளா, இன்னைக்கு அழப் போறியாக்கும்?” என்று வாசலில் நின்று கேட்பார்கள். “ஆமா, நீயும் வாறியா?” என்று திருப்பிக் கேட்டுக்கொண்டே நடப்பாள்.

இதையெல்லாம் உங்களுக்கு எழுத வேண்டும் என்று போன மாதம்தான் தோன்றியது. பைபாஸ் பக்கம் புதிதாக வந்திருக்கிற தியேட்டருக்கு அத்தையையும் கூட்டிக்கொண்டு நாம் போனோமே, அன்றைக்கு. படம் முடிந்து படி இறங்கும்போது பெரியவள் என் காதுப் பக்கம் வந்து, “அப்பா, அடுத்த தடவை அத்தையக் கூட்டிட்டு வர வேண்டாம்ப்பா. சத்தம் போட்டு அழுறாங்க. எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க” என்றாள். சின்னவன் தன் சட்டைக் கையைத் தூக்கிக் காட்டினான். முழங்கை வரை ஈரம்.  எனக்கு எதையும் அந்த இடத்திலேயே கோர்வையாகப் பேச வராது. பத்தாவதோடு நின்றவன், கயிறும் கொக்கியும் தார்ப்பாயும் விற்கிறவன். எழுதினால் கொஞ்சம் யோசித்துச் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

உங்கள் அத்தை வீட்டில் அழுது நான் பார்த்ததே கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால், லாரிக்காரர்கள் கொண்டுவந்து போடுகிற கிழிந்த தார்ப்பாய்களை எல்லாம் அவள்தான் வீட்டு முற்றத்தில் விரித்துத் தைப்பாள். கோணி ஊசி உள்ளங்கையில் இறங்கிவிடும். உருவிப் போட்டுவிட்டு, கையை வாயில் வைத்து உறிஞ்சிவிட்டு, அடுத்த தையலுக்குப் போய்விடுவாள். அவள் கல்யாணத்துக்குப் பிற்பாடு எங்கள் அப்பா இறந்துபோனபோது ஊரே அழுதது. இவள் மட்டும் வந்தவர்களுக்குக் காபி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப்பட்டவள் தியேட்டரில் விளக்கு அணைந்துவிட்டால் வேறு ஆள். திரையில் யாரோ யாரையோ விட்டுப் போக வேண்டியதுதான், இங்கே விக்கல் மாதிரி ஒரு சத்தம் கிளம்பும். முதலில் ஒன்று, கொஞ்ச நேரம் கழித்து ஒன்று, அப்புறம் நிற்காது. அந்தக் காலத்தில் எங்கள் தியேட்டரில் ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே இடுப்பளவுக்கு ஒரு சுவர் உண்டு. சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தே எனக்குத் தெரியும், அது எங்கள் அக்கா என்று.

அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்த சமயம், சாத்தான்குளத்தில் இருந்து ஒரு வீட்டார் வந்தார்கள். கேசரி, வடை எல்லாம் சாப்பிட்டார்கள். காபி டம்ளரை வாங்கும்போது அக்காவின் கை பட்டிருக்கிறது. “பொண்ணு கை மரக்கட்டை மாதிரில்லா இருக்கு” என்று தெருமுனைக் கடையிலேயே சொல்லிவிட்டுப் போனார்கள். அது தெரு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கு மேல் யாரையும் வீட்டுக்கு வரவிடக் கூடாது என்று எங்கள் அம்மா முடிவு செய்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் அப்போது அதற்கு ஒரு வழி இருந்தது. இரண்டு வீட்டாரும் ஒரே சினிமாவுக்குப் போவார்கள். இடைவேளையில் பெண் கலர் சோடா குடிக்க வெளியே வருவாள். மாப்பிள்ளை வீட்டார் கடை ஓரமாக நின்று பார்த்துக்கொள்வார்கள். ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். பிடித்தால் ஆள் அனுப்புவார்கள். பிடிக்காவிட்டால், நாங்கள் படம் பார்க்க வந்தோம், அவர்களும் படம் பார்க்க வந்தார்கள், அவ்வளவுதான். யாருக்கும் தலைகுனிவு இல்லை.

மாப்பிள்ளை துறைமுகத்தில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்குகிற வின்ச் ஓட்டுகிறவர். தாய் இல்லை, அண்ணன் மனைவிதான் சின்னதில் இருந்து வளர்த்தது. எங்கள் ஏரல் பெரியப்பா கொண்டுவந்த சம்பந்தம். அம்மாவுக்கு ஒரே பயம், அக்கா அழுது மூஞ்சியை வீங்க வைத்துக்கொள்வாளே என்று. விசாரித்துப் பார்த்து, சிரிப்புப் படம் ஓடுகிற தியேட்டராகப் பிடித்தாள். அதுவரை எல்லாம் சரி. நாள் குறித்தது எங்கள் அப்பா. நல்ல காரியத்துக்கு வெள்ளிக்கிழமை என்று குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமைதான் படம் மாறும் என்பது ஊரில் கைப்பிள்ளைக்கும் தெரியும். வாழ்நாளில் கொட்டகைக்குள் கால் வைக்காத எங்கள் அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவோ கேசரிக் கவலை போய், எந்தச் சேலை கட்டுவது என்கிற கவலையில் இருந்தாள். நான் சரக்கோடு கயத்தாறு போய்விட்டு வெள்ளிக்கிழமை மத்தியானம்தான் வந்து இறங்கினேன். அக்காவுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். வாயைத் திறந்திருக்க மாட்டாள். புதுப்படம், முதல் நாள்.

தியேட்டர் வாசலில் போஸ்டரைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. போஸ்டரிலேயே நான்கு பேர் அழுதுகொண்டிருந்தார்கள். திரும்பிப் போகவும் முடியாது. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே போயாயிற்று. “ஏளா, உனக்குப் புண்ணியமாப் போகும், இடைவேளை வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இரு” என்று அம்மா கெஞ்சினாள். துண்டைப் பிடுங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

கதை இதுதான். வறுமையில் பெற்ற பெண்ணை ஒரு தாய் தத்துக் கொடுத்துவிடுகிறாள். அந்தப் பெண் வளர்ந்து டீச்சராகி, தெரியாமல் அதே வீட்டுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வருகிறாள். ஒருநாள் மழை. சாப்பிட்டுவிட்டுப் போ என்கிறாள் தாய். இருப்பதில் நல்ல தட்டாக எடுத்துக் கழுவுகிறாள். சோறு வைக்கிறாள். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா டீச்சர்?” என்று கேட்கிறாள். தாய்க்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. தட்டைக் கழுவும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் முதல் விக்கல் கேட்டது. சோறு வைக்கும்போது அழுகை கொட்டகையை நிறைத்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் எனக்கு முன் வரிசையில் ஒன்றைப் பார்த்தேன். பெரியப்பா அடையாளம் சொல்லியிருந்த நீலச் சட்டைக்காரர், அவர்தான் மாப்பிள்ளை, யாரும் பார்க்காதபடி சட்டைக் காலரைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் அக்கா கலர் கடைக்கு வந்தபோது கண் இரண்டும் கோவைப்பழம். துண்டு இல்லாமல் முந்தானையிலேயே துடைத்ததால் முந்தானையும் தொப்பல். மாப்பிள்ளையை வளர்த்த மதினி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பக்கத்தில் அம்மா வேறு, பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவின் கையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே பெரியப்பா வழியாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். “பொண்ணு லட்சணமாத்தான் இருக்கு. ஆனா இஷ்டமில்லாதவளை அடிச்சு இழுத்துட்டு வந்திருக்காவ. கண்ணீர் விட்டுட்டு வாரவளை என் கொழுந்தனுக்குக் கட்ட மாட்டேன்.” கெட்ட மனுஷர்கள் என்றால் திட்டித் தீர்த்திருக்கலாம். நல்லவர்களாக இருந்தது எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது சம்பந்தமும் போயிற்று என்று அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். “ரெண்டு மணி நேரம் அழாம இருக்க உனக்கு முடியாதாளா?” என்றாள். அக்கா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே சொன்னாள்: “அழக் கூடாதுன்னா சினிமாவுக்கு எதுக்குக் கூட்டிட்டுப் போனிய? பேங்குக்குக் கூட்டிட்டுப் போயிருக்கணும்.” சொல்லிவிட்டுத் தைத்தாள். ஆனால் அன்று அவள் தைத்த தையல் கோணலாக இருந்தது. மறுநாள் நான்தான் பிரித்துப் போட்டேன்.

அப்படிப் பிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்த மாப்பிள்ளை கடைக்கு வந்தார். அப்பா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கொக்கியை எடுத்துப் பார்த்தார், வைத்தார். கயிற்றை இழுத்துப் பார்த்தார். துறைமுகத்தில் இல்லாத கயிறா?

“தம்பி, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கிடக் கூடாது. உங்க அக்கா எந்த எடத்துல அழ ஆரம்பிச்சாவ? சோறு வைக்கிற எடத்துலயா?”

“அதுக்கு முந்தியே அண்ணாச்சி. தட்டைக் கழுவுதாவள்லா, அப்பமே ஆரம்பிச்சாச்சு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அதான் நானும் நினைச்சேன். அந்தப் பொண்ணு படத்துக்குத்தான் அழுதுன்னு மதினிகிட்ட சொல்லிப் பாத்துட்டேன். படத்துக்குப் போயி எவளாவது இப்படி அழுவாளாங்காவ. நம்ப மாட்டேங்காவ.”

“நீங்களும் அழுதியள்லா, அதைச் சொல்ல வேண்டியதுதான? நான் பின்னாலதான் இருந்தேன்.”

“மெதுவாப் பேசும்வே!” என்று தெருவைப் பார்த்தார். “ஹார்பர்ல தெரிஞ்சா என்னை வின்ச்ல தூக்கிக் கடல்ல எறக்கிருவானுவ.”

அவர்தான் யோசனை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை அதே படத்துக்கு எல்லோரும் மறுபடி போவது. மதினி எங்கள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தானே பார்த்துக்கொள்ளட்டும். வீட்டில் சொன்னபோது அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். “போன தடவை அழாதன்னேன். இந்தத் தடவை அழுன்னு சொல்ல வேண்டியிருக்கு. ஏளா, நல்லா அழுதிரு என்னா?” அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நான் என்ன தண்ணிக் குழாயா, திருகுனா வாரதுக்கு?” இருந்தாலும் கிளம்பும்போது துண்டை எடுத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே ஒன்று புரிந்தது. நீலச் சட்டையை அவளும் பார்த்திருக்கிறாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாட்னி மாதிரி நான் எந்தப் படத்தையும் பதறிப் பார்த்ததில்லை. மழை வந்தது. தாய் தட்டைக் கழுவினாள். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சோறு வைத்தாள். சத்தமில்லை. முன் வரிசையில் இருந்து அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? பக்கத்தில் ஒருத்தி தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் அழுகை வரும்? அக்கா பிற்பாடு சொன்னாள், அழணும் அழணும் என்று நினைத்ததில் படமே கண்ணில் படவில்லையாம். “இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா டீச்சர்?” என்று அந்தத் தாய் கேட்டாள். அப்போது ஒரு சத்தம் வந்தது. விக்கல்தான், ஆனால் எங்கள் அக்காவின் குரல் இல்லை; கொஞ்சம் கட்டையான குரல். மதினி! தான் பெறாத பிள்ளைக்குச் சோறு போட்டு வளர்த்தவர். அக்காவைப் பார்க்க வந்தவர் எப்போது திரையைப் பார்க்க ஆரம்பித்தாரோ தெரியாது. உடனே பின்னாலேயே எங்களுக்குப் பழகிய சத்தமும் கிளம்பிவிட்டது. முன்னால் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அக்கா துண்டை நீட்டியிருக்கிறாள். “இந்தாங்கக்கா. அந்த மூலையில தையல் இருக்கு, கண்ணுல குத்திரும், பாத்து.” மதினி ஒரு முனையை வாங்கித் துடைத்துக்கொண்டு, “நீயும் தொடைளா” என்றிருக்கிறார். இடைவேளைக்கு வெளியே வந்தபோது துண்டின் ஆளுக்கொரு முனை இரண்டு பேர் கையிலும் இருந்தது. மதினி மூக்கை உறிஞ்சிக்கொண்டு எங்கள் அம்மாவிடம் சொன்னார்: “இவளுக்கு இஷ்டமான்னு வாயால கேட்டுரணும்னு வந்தேன். கேக்கவே மறந்துட்டேன்.” அம்மா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். “இஷ்டந்தான்க்கா. பெல் அடிச்சாச்சு, வாங்க, படத்தைப் போட்ருவான்.”

அதற்குப் பிறகு உங்கள் மாமாவும் அத்தையும் பார்க்காத அழுகைப் படம் இந்த ஊரில் ஓடியிருக்காது. நடுச்சுவரை இடித்த பிறகு பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஒரே துண்டு, இரண்டு முனை. தையல் உள்ள முனை அவளுக்கு, நல்ல முனை அவருக்கு. படம் சுமாராக இருந்தால், “இன்னைக்குத் துண்டு நனையலையே” என்று மாமா வருத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார்.

மாமா போய்ச் சேர்ந்தபோது நீங்கள் எல்லோரும் இருந்தீர்கள். அத்தை அழுதாளா? வந்தவர்களுக்குக் காபி போதுமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு துண்டைத் துவைத்து மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள். சினிமாவுக்குக் கூப்பிட்டால், “இனி எனக்கு எதுக்குலே” என்று சொல்லிவிடுவாள். போன மாதம் உங்கள் அம்மா விடாப்பிடியாக இழுத்ததால்தான் வந்தாள். துண்டு எடுத்து வரவில்லை.

அந்தப் படத்தில் அழுகிற மாதிரி எதுவும் கிடையாது. நீங்களே சொன்னீர்கள், “அது காமெடி சீன்ப்பா” என்று. ஒரு கிழவர் கடை வாசலில் செருப்பைத் தேடுகிறார். கிழவி அவரைத் திட்டிக்கொண்டே செருப்பை எடுத்து அவர் காலுக்கு முன்னால் போடுகிறாள். எல்லோரும் சிரித்தார்கள். இருட்டில் அந்த விக்கல் கேட்டது. ஒன்று. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. அப்புறம் நிற்கவில்லை. துண்டைத் தேடிப் பக்கத்தில் கை நீட்டினாள். சின்னவனே, உன் சட்டைக் கைதான் அகப்பட்டது. நீ இழுக்கப் பார்த்தாய். அவள் விடவில்லை. உங்களுக்கு வெட்கமாக இருந்தது, அது எனக்குப் புரிகிறது. நான் மட்டும் அந்தச் சத்தத்தைக் கேட்டு, அப்பாடா என்று சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

நேற்று அக்கா வீட்டுக்குப் போய் அந்தத் துண்டைக் கேட்டேன். “எதுக்குலே?” என்றாள். வெள்ளிக்கிழமை புதுப்படம் வருகிறது என்றேன். எழுந்து உள்ளே போனாள். அப்புறம் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, “எத்தனை மணிக்கு?” என்று கேட்டாள். பெட்டி வாடை போக இங்கே நம் வீட்டுக் கொடியில் போட்டிருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். தையல் உள்ள முனையை அத்தை பிடித்துக்கொள்வாள். நல்ல முனையைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் யார் உட்காருவது என்று மட்டும் நீங்கள் இரண்டு பேரும் பேசி வையுங்கள்.