பேரருவியில் இன்று தண்ணீர் இல்லை

குற்றாலத்தில் எந்த லாட்ஜுக்குப் போன் போட்டுத் "தண்ணி விழுதா?" என்று கேட்டாலும் ஒரே பதில்தான்: "ஜோரா விழுது, வாங்க." பாறை காய்ந்து அதன்மேல் காக்கை நடந்துகொண்டிருந்தாலும் இதுதான் பதில். இதைப் பொய் என்று எங்கள் ஊரில் யாரும் நினைப்பதில்லை. வந்தவரை வாங்க என்பதுபோல அதுவும் ஒரு மரியாதை. அப்பேர்ப்பட்ட ஊரில் உள்ளதை எழுதிப் பிழைக்கப் பார்த்தவள் குழல்வாய்மொழி.

மேலகரத்துக்காரி. தமிழில் எம்.ஏ. படித்துவிட்டு, தென்காசி ஜெராக்ஸ் கடை ஒன்றில் ஏழு வருஷம் அடுத்தவர்களுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாள். கடையை மூடியதும் மகாராஜா அண்ணாச்சி லாட்ஜில் சேர்ந்தாள். அண்ணாச்சி ஓய்வுபெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். இணையத்தில் "குற்றாலம் லாட்ஜ்" என்று தேடினால் தன் லாட்ஜ் நாலாம் பக்கத்தில் கிடப்பது அவருக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

முதலில் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி வந்தது. ஒரே பக்கத்தில் "குற்றாலத்தின் சிறந்த லாட்ஜ்" என்று அறுபத்து மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. லாட்ஜ் ஆறாம் பக்கத்துக்கு இறங்கியது. அடுத்து அண்ணாச்சி தன் பழைய சகாக்களிடம் லாட்ஜைப் பற்றி இணையத்தில் பாராட்டு எழுதச் சொன்னார். பத்தொன்பது பேர் ஒரே நாளில் எழுதினார்கள். பத்தொன்பதும் ஒரே மாதிரி ஆரம்பித்தன: "மேற்படி லாட்ஜில் நான் தங்கியது உண்மை." மறுநாள் பத்தொன்பதும் காணாமல் போயின.

"வாரவங்களுக்கு என்ன தெரியணுமோ அதை எழுதுவோம் அண்ணாச்சி. தன்னால மேல வரும்" என்றாள் குழல்வாய்மொழி.

தினமும் விடிந்ததும் ஸ்கூட்டரில் மூன்று அருவிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து லாட்ஜின் இணையப் பக்கத்தில் "இன்றைய தண்ணீர்" என்று எழுத ஆரம்பித்தாள். 'ஐந்தருவியில் மூன்று கிளைதான் விழுகிறது. பெண்கள் பக்கம் வரிசை நீளம். பழைய குற்றாலத்தில் குரங்கு பையின் ஜிப்பையே திறக்கிறது.' இவ்வளவுதான். அலங்காரம் கிடையாது. ஒரு வருஷத்தில் லாட்ஜ் முதல் இடத்துக்கு வந்தது. அண்ணாச்சி அந்தத் திரையைப் படம் எடுத்துச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினார்.

இந்த ஆடியில் மழை ஏமாற்றியது. வெள்ளிக்கிழமை அவள் எழுதினாள்: 'பேரருவியில் தண்ணீர் இல்லை. இந்த வாரம் வர வேண்டாம்.' சாயங்காலத்துக்குள் பதினாறு அறையில் பதினொன்று ரத்தானது.

"ஏம்மா, என் லாட்ஜுக்கு வராதேன்னு என் காசுலயே எழுதுதியே, உனக்கே இது நியாயமா இருக்கா?" என்றார் அண்ணாச்சி. "விழுதுன்னு மாத்து. இல்லேன்னா நாளையில இருந்து வராதே."

குழல்வாய்மொழியின் மகள் அபர்ணா ஆறாம் வகுப்பு. இந்த வேலை போனால் அடுத்த வேலை சென்னையில்தான். ஆனாலும் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவளைப் பிழைக்கத் தெரியாதவள் என்று ஊரில் பலர் சொன்னார்கள். நானும் சொன்னேன், அதற்கு இப்போது வெட்கப்படுகிறேன்.

சனிக்கிழமை காலை அண்ணாச்சியே தட்டினார்: 'தண்ணீர் ஜோராக விழுகிறது. குடும்பத்துடன் வருக.' போன் வந்தது, ஆனால் அறை கேட்டு இல்லை.

"அந்தம்மா லீவா? எந்த அருவின்னு இல்ல, வரிசை எப்படின்னு இல்ல. இதை நீங்க எழுதுனியளோ?" என்றார் சிவகிரியிலிருந்து ஒருவர். மதியத்துக்குள் இப்படி எட்டு பேர் கேட்டுவிட்டார்கள்.

நம்பி வந்தது ஒரே குடும்பம். கடையநல்லூர் மசூது, துபாயில் வேலை பார்ப்பவர், மனைவி ஜுஹைனாவோடும் மூன்று பிள்ளைகளோடும் துண்டும் சோப்புமாகப் பேரருவிக்குப் போய்ப் பாறையைப் பார்த்துவிட்டு நேரே லாட்ஜுக்கு வந்தார். சத்தம் போடவில்லை.

"நாளைக்கு எனக்கு பிளைட்டு அண்ணாச்சி. லீவுல இந்த ஒரு நாள்தான் மிச்சம் இருந்துச்சு. உங்க பக்கத்தை நம்பித்தான் பிள்ளையளைக் கூட்டிட்டு வந்தேன்."

எத்தனையோ பேரை நிற்கவைத்துக் கேள்வி கேட்ட அண்ணாச்சி அன்று தானே எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அவர்கள் போனதும் குழல்வாய்மொழிக்குப் போன் போட்டு, "வந்து எழுதும்மா" என்றார்.

"என்ன எழுத?"

"உள்ளதை."

அவள் வந்து உட்கார்ந்து தட்டினாள்: 'இன்று காலை இந்தப் பக்கத்தில் வந்தது பொய். எழுதியவர் எங்கள் முதலாளி. பேரருவியில் தண்ணீர் இல்லை.' திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். இதற்கு அவர் மாட்டேன் என்றால் எழுந்து போய்விடுவது என்று முடிவு பண்ணியிருந்தாள்.

அண்ணாச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"முதலாளின்னா எவன்னு கேப்பான்" என்றார். "பேரு இல்லாத வாக்குமூலம் செல்லாதும்மா. மகாராஜா, ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர்னு போடு."