நாற்பத்தோராவது சுற்று

ஆறடி நீளத்தில் ஒரு மரப்பலகை. அதன்மேல் வரிசையாக அறுபத்து நான்கு செப்புக்கம்பிச் சுருள்கள், ஒவ்வொன்றோடும் ஒரு கப்பாசிட்டர். கடற்காற்றின் உப்பு பிடித்துவிடக் கூடாதென்று சாயங்காலமானால் பழைய நைலக்ஸ் புடவையால் அதைப் போர்த்திவிட்டுத்தான் லேபைப் பூட்டுவோம். புடவை என் நாத்தனாருடையது. என் கணவரின் தங்கை அவள். காரைக்காலில் நான் இயற்பியல் ஆசிரியையாக இருந்த அதே கல்லூரியில், அதே துறையில், லேப் அசிஸ்டென்ட். எங்கள் ஊர் போலகத்திலிருந்து ஒரே ஸ்கூட்டரில் போய் வருவோம். வீட்டில் எங்களுக்குள் ஒத்துப்போனதைவிட லேபில்தான் அதிகம் ஒத்துப்போனது என்று சொன்னால் அவளே ஒப்புக்கொள்வாள்.

அந்தப் பலகைதான் என் பிஎச்.டி. எலக்ட்ரான் நேர்கோட்டில் போவதில்லை, போகிற போக்கிலேயே நடுங்கிக்கொண்டு போகும் என்கிறது, சார்பியலையும் குவாண்டம் விதிகளையும் சேர்த்து எழுதிய சமன்பாடு. அந்த நடுக்கத்தை நேராகப் பார்க்க வழியில்லை. அவ்வளவு சிறியது, அவ்வளவு வேகம். ஆனால் அதே சமன்பாட்டுக்கு அடங்கி நடக்கிற வேறொன்றைச் செய்துவைத்து, அது நடுங்குகிறதா என்று நிதானமாகப் பார்க்கலாம். வெளிநாட்டில் இதற்கு லேசரும் ஒற்றை அணுவும் வைத்திருக்கிறார்கள். எங்களிடம் இருந்தது செப்புக்கம்பி. சுருளும் கப்பாசிட்டரும் சேர்ந்தது ஒரு கண்ணி. அடுத்தடுத்த கண்ணிகளுக்கு இடையில் ஒரு வித்தியாசம் வைத்தால், அந்த வித்தியாசம்தான் எலக்ட்ரானின் நிறைக்குப் பதில். வித்தியாசத்தை எடுத்துவிட்டால் நிறை சுழி. நடுக்கமும் அடங்கிவிட வேண்டும்.

சுருள்கள் எல்லாம் ஒன்றுபோல் நாற்பது சுற்று, வித்தியாசத்தைக் கப்பாசிட்டரில் மட்டும் வைப்பது என்று முடிவு செய்தோம். ஒற்றை எண் கண்ணிகளுக்கு நான் சுற்றினேன், இரட்டை எண்ணுக்கு அவள். என்னுடைய முப்பத்திரண்டையும் மீட்டரில் அளந்து குறித்துக்கொண்டேன். அவளுடையதை அளக்கவில்லை. மறதி ஒன்றும் இல்லை. அவள் எதிரிலேயே மீட்டரை வைத்துப் பார்த்தால் நம்பவில்லை என்றாகும், அது மாமியார் காதுக்குப் போகும், பொங்கல் வரைக்கும் வீட்டில் யார் முகமும் சரியாக இருக்காது. படித்தவள் இப்படியும் யோசிப்பாளா என்றால், யோசித்தேன்.

நடுக்கம் வந்தது. துடிப்பை ஒரு முனையில் செலுத்தினால், பலகை நெடுக அதன் நடுப்புள்ளி அசைந்து அசைந்து போவது திரையில் தெரிந்தது. குழந்தை மாதிரிக் கைதட்டினேன். என் நெறியாளர் கைதட்டவில்லை. நிறையைச் சுழியாக்கிக் காட்டுங்கள், அப்போதும் நடுங்கினால் அது உங்கள் கருவியின் கோளாறு என்றார். நியாயம்தான். ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசி நீட்டிப்பு முடிய ஒரு மாதம் இருந்தது. கப்பாசிட்டர்களை எல்லாம் ஒரே அளவாக மாற்றிவிட்டுச் சுவிட்சைப் போட்டோம். நடுக்கம் நிற்கவில்லை. மெதுவாகியிருந்தது, அவ்வளவுதான்.

ஆறு வருஷம்.  மூன்று நாள் ஒயர், சாலிடர், மின்சாரம் என்று ஒவ்வொன்றாகத் தோண்டினேன். அந்தச் சுழி அளவீட்டைச் செய்யவே இல்லை என்று விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது, தோன்றியதை மறைப்பானேன். மூன்றாம் நாள் மத்தியானம், டப்பாவைக் கழுவிக்கொண்டு வந்த நாத்தனார், என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டாள். கண்ணிகளுக்குள் எங்கேயோ இன்னும் வித்தியாசம் இருக்கிறது, அதுதான் புரியவில்லை என்றேன். அவள் டப்பாவை வைத்துவிட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"நாப்பதுல முடிக்கக் கூடாதுன்னு ஒண்ணு சேத்துத்தான் சுத்துனேன் அண்ணி. நல்ல காரியமாச்சே."

எங்கள் பக்கம் சீர்த்தட்டு என்றாலும் ஒற்றைப்படையில்தான் வைப்போம். அவள் சுற்றியதெல்லாம் நாற்பத்தொன்று. எனக்குக் கண்மண் தெரியவில்லை. இது என்ன உன் வீட்டுக் கல்யாணமா என்று, மாணவிகள் எதிரில், அவளை என்னென்னவோ பேசிவிட்டேன்.  அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முப்பத்திரண்டு சுருளிலும் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்து, திரும்பவும் பற்றவைத்தாள். மறுநாள் சுவிட்சைப் போட்டதும் கோடு நேராகப் போனது. துளி அசைவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். மன்னிப்புக் கேட்கவில்லை.

வைவா அன்று பின்வரிசையில் அவளும் வந்து உட்கார்ந்திருந்தாள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒரே ஒரு படத்தைத்தான் சிலாகித்தார்: நாற்பத்தொரு சுற்று இருந்தபோது எடுத்து, ஆய்வேட்டில் நான் சேர்த்துவிட்டிருந்த அந்த மெதுவான நடுக்கம். நிறை அதிகமானால் வேகமான நடுக்கம், நிறையே இல்லையென்றால் நடுக்கமில்லை; இது எல்லோரும் காட்டுவது. நடுவில் இவ்வளவு சின்ன நிறை ஒன்றை வைத்து, நடுக்கம் கணக்குப்படியே மெதுவாவதைக் காட்டியிருக்கிறீர்களே, அதனால்தான் இது கருவியின் கோளாறில்லை என்று நான் நம்புகிறேன், எப்படித் தோன்றியது இந்த யோசனை என்று கேட்டார்.

"திட்டம் போட்டுத்தான் செஞ்சோம் சார்" என்றேன். வாயிலிருந்து அப்படி வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

திரும்பி வரும்போது நான் ஸ்கூட்டரை ஓட்டினேன், அவள் பின்னால். திருமலைராயன்பட்டினம் தாண்டினோம். பிறகு என் தோளருகே குனிந்து சொன்னாள்:

"நான் ஒரு சுத்து கூட சுத்துனத யார்கிட்டயும் சொல்லல அண்ணி. நீங்க பயப்படாதீங்க."

அந்த ஒரு சுற்றுதான் எனக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் தப்பை நான் சபையில் மூடிமறைத்துக் காப்பாற்றியதாக நினைத்திருந்தாள். வண்டியை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். எதிரே லாரி வந்தது, ஒதுங்கினேன், ஓட்டிக்கொண்டே போனேன். வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போதும் விசேஷ வீடுகளில் என்னைக் காட்டி, எங்கள் அண்ணி டாக்டர் என்று அவள்தான் முதலில் சொல்கிறாள். பக்கத்தில் நின்று நானும் சிரிக்கிறேன்.