வௌவாலும் வெள்ளமும்

எங்கள் கட்டடத்தில் அவரை எல்லோரும் கொம்பக்கா என்றுதான் கூப்பிடுவோம். தலையில் கொம்பு முளைத்த ஆளில்லை. குரலை உயர்த்திப் பேசக்கூடத் தெரியாதவர். பழைய எழுத்துருவில் அடித்த ஃபைல்களைப் புதுக் கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுப்பது அவர் தொழில். பழைய முறையில் 'கெ' அடிக்க முதலில் கொம்பு, அப்புறம் க. புது முறையில் முதலில் க, அப்புறம் கொம்பு. மாற்றாமல் அனுப்பினால் பிரிண்டர் கட்டம் கட்டமாகத் துப்பும். நாளெல்லாம் கொம்பை இடம் மாற்றுகிறவருக்கு வேறென்ன பேர் வைப்பது?

மாற்றுவதற்கான புரோகிராமை அவரே எழுதினார். அதில் அவரைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஓர் எழுத்து. 'வௌவால்' என்பதில் வகரத்துக்குப் பின்னால் நிற்கிற குறியும், 'வெள்ளம்' என்பதில் வருகிற ளகரமும் பழைய எழுத்துருவில் ஒன்றேதான். புரோகிராம் என்ன கண்டது? வெள்ளத்தையும் வௌவாலாக நினைத்து ஒட்டிவிடும். ளகரத்தின் மேல் இருக்கவேண்டிய புள்ளி, உட்கார இடமில்லாமல் ஒரு வெற்று வட்டத்தின் மேல் நிற்கும். மண்டையை உடைத்துக்கொண்டு இதைச் சரிசெய்து அக்கா புதிதாக ஒன்று எழுதிவிட்டார். பழையது அவர் தம்பியின் கம்ப்யூட்டரில் மட்டும் கிடந்தது.

தம்பி என்றால் கூடப்பிறந்தவன். அப்பா போனபிறகு அக்காவே வளர்த்து ஆளாக்கி, கடையிலும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவனைப் பற்றி நான் வாயைத் திறந்தால், "சின்னப் பையன், விடுப்பா" என்பார். சின்னப் பையனுக்கு முன்மண்டை வழுக்கை.

அந்தச் சமயத்தில் ஒரு பதிப்பாளர் தன்னுடைய பழைய புத்தகங்கள் அத்தனையையும் மறுபடி அச்சிடப்போவதாகப் பேச்சு வந்தது. அது கைக்கு வந்தால் அக்காவுக்கு ஆயுசுக்கும் வேலை. அதைத்தான் மலைபோல் நம்பியிருந்தார்.

ஒருநாள் பதிப்பாளரே அச்சான புத்தகத்தோடு வந்து நின்றார். என் பைண்டிங் கடைக்கும் அக்கா கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான், எல்லாமே கேட்டது.

"என்னம்மா இது? உங்கள நம்பித்தானே முதல் நாவலக் குடுத்தேன்? பக்கத்துக்குப் பக்கம் அசிங்கமா இருக்கு!"

எட்டிப் பார்த்தேன். ஊரை ஆறு அடித்துக்கொண்டு போகிற கதை அது. வெள்ளத்துக்குப் பஞ்சமா? ஒவ்வொரு வெள்ளத்திலும் அந்த வெற்று வட்டம். அக்கா ஒரே பக்கம்தான் புரட்டினார். இந்த நாவல் கடைக்கு வந்ததே அவருக்குத் தெரியாது. தம்பி அக்காவிடம் மூச்சுகூட விடாமல் வாங்கி, பழைய புரோகிராமில் ஓட்டிக் கொடுத்திருக்கிறான். அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். உண்மையைச் சொல்லிவிடுவான் என்றுதான் நானும் நினைத்தேன்.

"அக்காவுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல சார்," என்றான். "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். இனிமே எல்லாத்தையும் நானே பண்ணிடறேன்."

பதிப்பாளரின் கோபம் பொசுக்கென்று இறங்கிவிட்டது. "பாவம், உடம்பப் பாத்துக்கங்கம்மா" என்றார். மிச்சப் புத்தகங்களைத் தம்பியிடமே கொடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அக்கா மறுக்காமல் புத்தகத்தை மூடிவைத்தார். அப்போதும் தம்பியின் மானத்தைத்தான் யோசித்திருப்பார். எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது.

பதிப்பாளரைப் படிவரை வழியனுப்பிவிட்டு வந்த தம்பி, பின்கழுத்தைச் சொறிந்துகொண்டு கேட்டான்: "அக்கா, அந்தப் புதுப் புரோகிராம எந்த ஃபோல்டர்ல வச்சிருக்க?"

"எனக்குத்தான் கண்ணு தெரியலையேடா. நீயே தேடிக்க."

எழுந்து என் கடைக்கு வந்து, காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார்.

"அவர்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லக்கா? இவ்ளோ பெரிய வேலை போச்சே!" என்றேன்.

"வேலை போனாப் போகட்டும்ப்பா," என்றவர் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டார். "அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேனே."