வாசலில் மட்டும் ஓடிய கடிகாரம்

எங்கள் கோயில் மண்டபத்துச் சுவர்க்கடிகாரம் நின்றுபோனது. பழுது பார்க்க மேலப்பாளையத்திலிருந்து ஒரு பாய் வந்தார். "சாமியக் கும்பிடுதவன்தான் உள்ள வரணும் வே" என்று தர்மகர்த்தா அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார். அங்கே எழுத்து வேலை பார்த்த நான் சாமி கும்பிட்டு வருஷக்கணக்காகியிருந்தது. என்னை ஒருவரும் கேட்டதில்லை.

கடிகாரத்தை நான்தான் வாசலுக்குச் சுமந்தேன். பாய் கைவைத்ததும் ஓடியது. உள்ளே கொண்டுபோய் மாட்டியதும் நின்றது. இப்படியே மூன்று தடவை. எனக்குத் தோள் கழன்றுவிடும் போலிருந்தது.

"சுவரு கோணலா இருக்கும் அண்ணாச்சி. நான் பாத்து மாட்டணும்" என்றார் பாய்.

"கோயில் சுவரையா கோணல்ங்கீரு?" என்று தர்மகர்த்தா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

கடைசியில் கடிகாரம் தெருப்பக்கச் சுவருக்கு வந்தது. பாயே மாட்டினார். வெள்ளிக்கிழமை தோறும் தொழுகை முடிந்து வந்து சாவி கொடுப்பார். அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் உள்ளே பூசை.

ஒரு வெள்ளிக்கிழமை பாய் காய்ச்சலில் படுத்துவிட்டார். மறுநாள் காலை ஆறரையில் கடிகாரம் நின்றது. ஏழு மணிப் பூசைக்குப் பட்டர் தயாராக நின்றார். வெயில் உச்சிக்கு ஏறியும், "இன்னும் ஏழாகலியே வே" என்று தர்மகர்த்தா விடவில்லை.

பாய் வந்து சாவி கொடுக்கும்வரை சாமி பட்டினி.