அவள் கூப்பிட்ட பெயர்

ஆலயத்தில், ஒலிவாங்கியின் முன் நின்று, நான் பொய் சொன்னேன். ஒரேயொரு பெயரை மாற்றினேன். அதைக் கேட்டு ஒரு சபையே கண்ணீர் விட்டது.

இதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் துணிகிறேன் போலும்...

அப்போது நான் கொழும்பில் பல்கலைக்கழக மாணவி. நிவித்திகலவுக்கு மேலேயிருந்த தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் குடியிருந்த லயம் என்னும் வரிசை வீடுகளின் பின்பாதியை அள்ளிக்கொண்டு போயிருந்தது. வீடிழந்த ஏழு குடும்பங்களுக்கும் எதிர்மேட்டில் புதிய வீடுகள் எழும்பின. எங்கள் கிறிஸ்தவ மாணவர் ஐக்கியத்திலிருந்து பன்னிரண்டு பேர் ஒரு வாரம் கைகொடுக்கப் போனோம்.

செல்வராணி அக்காவின் வீட்டைக் கட்டும் வேலைக்கு என்னை அனுப்பினார்கள். கொழுந்து பறிப்பவள். கணவன் கொழும்பில் கடைச் சிப்பந்தி. ஏழு வயதில் ஒரு மகள். நான் சீமெந்து குழைத்த அழகைப் பார்த்து அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மிஸ், அது பாயாசம் இல்லீங்க! அடியில வுட்டுப் பெரட்டுங்க!"

மறுநாளே 'மிஸ்' போய்த் 'தங்கச்சி' ஆனேன். உள்ளங்கையெல்லாம் கொப்புளம், காலில் அட்டைக்கடி. ஆனாலும் அந்த ஏழு நாள்களைப் போல் நான் மகிழ்ந்திருந்த நாள்கள் மிகச் சில!

மூன்றாம் நாள், கல் சுமந்த களைப்பில் பிளேன்டீ குடித்தபடி அவள் சொன்னாள்:

"மத்தியானம் மூணு மணி இருக்கும். மல வெடிச்ச மாதிரி சத்தம். புள்ளயத் தூக்கிக்கிட்டு வாசலுக்கு வர்றேன், இடுப்பு வரைக்கும் சேறு. கால எடுக்க முடியல. 'மாரியாத்தா! என்னைய எடுத்துக்க, புள்ளய வுட்டுரு'ன்னு கத்துனேன். மேல நின்ன கொய்யா மரம் சாஞ்சு கைக்கு எட்டுச்சு. அதப் புடிச்சுத்தான் ஏறுனோம். மூணு வருசம் பால்குடம் எடுக்கறதா நேந்திருக்கேன்."

கொழும்புக்குத் திரும்பிய ஞாயிறன்று அந்த அனுபவத்தைச் சபையின் முன் சாட்சியாகச் சொல்லப் போதகர் என்னை அழைத்தார். தொடக்கத்தில் எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. முன்வரிசையில் ஒருவர் கைபேசியைத் தடவிக்கொண்டிருந்தார். சேறு இடுப்பளவு ஏறிய இடத்துக்கு வந்தேன். சபை மெல்ல நிமிர்ந்தது. அவள் கத்தினாள் என்றேன். ஒரு கணம் நிறுத்தினேன்...

"இயேசப்பா! என்னை எடுத்துக்கொள், பிள்ளையை விட்டுவிடு!"

ஏன் அப்படிச் சொன்னேன்? நடுக்கமா? அந்த இடத்தில் மற்றப் பெயரைச் சொல்ல அச்சமா? அறியேன்... இல்லை, அறிவேன். எல்லோரும் என்னையே பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பார்த்தார்கள்!

அக்காவின் வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று; மீதி ஆறு வீடுகளின் கூரைச் செலவையும் எங்கள் சபையே ஏற்றது. இரண்டு மாதம் கழித்து ஒரு பேருந்து நிறையப் போனோம். எங்கள் சபையின் மூத்த அம்மா ஒருவர், தோட்டத்துச் சனமெல்லாம் பார்க்கச் செல்வராணி அக்காவைக் கட்டியணைத்தார்.

"ஆபத்துல நீ இயேசப்பாவக் கூப்பிட்டியே மகளே!"

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எப்படி எழுதுவது?

"ஆமாங்கம்மா," என்றாள்.

பிறகு அவளைத் தனியே அழைத்துப்போய், "அக்கா, நான்தான் மாத்திச் சொன்னேன். இப்பவே போய் உண்மையச் சொல்லிடுறேன்," என்றேன்.

"இப்ப வேணாம் தங்கச்சி. ஆறு வூட்டுக்குக் கூரை ஏறணும். ஏறட்டும், பொறகு சொல்லுங்க."

கூரைகள் ஏறின. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவும் வந்தது. ஒருநாள் அக்கா தொலைபேசியில் அழைத்தாள்.

"'கிறிஸ்தவ வேதத்துல சேந்தவ எப்பிடிப் பால்குடம் எடுக்கறது?'ன்னு கோயில் கமிட்டில கேக்கறாங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்க வந்து ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"அந்த வாரம் பரீட்சை அக்கா," என்றேன்.

பரீட்சை எதுவும் இருக்கவில்லை! நான் தோட்டத்தில் பேசினால் அது சபைக்கு எட்டிவிடும் என்று அஞ்சினேன். முதற்பொய்க்காவது ஆறு கூரைகளைக் காட்டலாம். இதற்கு எதைக் காட்டுவேன்?

"சரி தங்கச்சி, படிங்க. நல்லா எழுதுங்க."

அந்த ஆண்டும் அடுத்த ஈராண்டும் அவள் கொடகவெலவுக்குப் பக்கத்திலுள்ள தன் அண்ணனின் தோட்டத்தில் பால்குடம் எடுத்தாள். முதல் முறை எடுத்துவிட்டு வந்து எனக்குச் சொன்னாள்: "நேந்தத முடிக்கணும்ல? அங்க எனக்கு யாரையும் தெரியாது. கடைசில நின்னு எடுத்தேன்."

தன் கோயிலில், தன் சனத்தோடு போயிருக்க வேண்டியவள்... முன்பின் அறியாதவர்களின் வரிசைக் கடைசியில்!

இப்போது வரக்காப்பொலவில் ஆசிரியையாக இருக்கிறேன். நிறைவான வாழ்க்கைதான். பள்ளி விடுமுறையில் அக்கா வீட்டுக்குப் போவேன். எனக்காக ரொட்டி சுட்டு, தொட்டுக்கொள்ளக் காரமாகக் கட்டச்சம்பல் அரைத்து வைப்பாள். அவள் மகள் என் மடியில் தலைவைத்துக் கதை கேட்பாள். அங்கே நான் மகிழ்ச்சியாகவே இருக்கிறேன்... உங்களிடம் சொல்ல வெட்கமாக இருப்பதும் அதுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா? ஒருமுறை வாயெடுத்தேன். "சாப்புடுங்க, ஆறுது," என்றாள்.

சென்ற மாதம் எங்கள் கொழும்புச் சபையில், வேறொரு தோட்டத்துக்குப் புறப்பட்ட புதிய மாணவர்களை வழியனுப்பும் ஆராதனை. அந்தச் சாட்சியை மறுபடி சொல்லும்படி போதகர் அழைத்தார். இம்முறை சரியாகச் சொல்வதென்று உறுதி பூண்டே எழுந்தேன். சேறு வரைக்கும் வந்தேன்.

"அவள் கூப்பிட்டாள்," என்றேன். "கூப்பிட்ட குரல் கேட்கப்பட்டது."

யாரை என்று நான் சொல்லவில்லை. எவரும் கேட்கவுமில்லை.

சபையார் ஆமென் என்றார்கள். நானும் சொன்னேன்.