தவளை கத்தாத வாய்க்கால்

பிள்ளைகளே, வயல் வட்டை வாய்க்காலில் இனிக் குளிக்க வேண்டாமென்று நான் ஏன் சொன்னேன் என்று கேட்டீர்கள். காரணம் ஒரு பெண். பெயர் கேட்க மறந்துவிட்டேன்.

மெலிந்த உடம்பு, முழங்கால் வரை றப்பர் சப்பாத்து, கையில் சிறு வலையும் வெள்ளைத் தட்டும். வாவிக்கு ஓடும் தண்ணீரில் என்னென்ன பூச்சி, நத்தை, புழு உண்டென்று பட்டியல் எழுதி, அதை வைத்துத் தண்ணீரின் தரத்தைச் சொல்வது அவர் வேலை.

"பூச்சி புடிக்கவா மிஸ் கெம்பசுல படிச்ச?" என்று பகிடி விட்டேன். சிரித்தார்.

மேல் வாய்க்காலில் எண்ணி முடித்த உயிர்களை, "போயித்து வாங்க" என்று சொல்லித் தண்ணீரில் விட்டார். நாம் குளிக்கும் துறையில் மூன்று தரம் அள்ளினார். தட்டில் வெறும் தண்ணீர்.

"நல்ல தெளிவா இருக்கே மிஸ்?"

"அதுதான் அண்ணன் பயமாயிருக்கு. ஒரு புழுவும் இல்ல. இஞ்ச கடைசியா எப்ப தவளை கத்தின?"

நினைவில்லை. அந்த நடுப்பகலில் ஒரு சத்தமும் இல்லையென்பது அப்போதுதான் உறைத்தது.

"வயலுக்கு மருந்தடிக்கிற டாங்கிய எங்க கழுவுற?"

"இஞ்சதான்."

"புள்ளையள் குளிக்கிற?"

"அதுவும் இஞ்சதான்."

அவர் ஏசவில்லை. பட்டியல் முழுக்கச் சைபர் போட்டார். வெறுந்தட்டை மெதுவாகச் சரித்து, "போயித்து வாங்க" என்றார். யாரிடம் சொன்னாரென்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.

அவர் போன பின், டாங்கியைத் தூக்கிப்போய் எட்டத்து மேட்டில் குழி வெட்டிக் கழுவினேன். பிறகு துறைக்கு வந்து, பொழுது சாயும்வரை ஒரு தவளைச் சத்தத்துக்காகக் காது கொடுத்திருந்தேன்.