ஆத்தாள் மடியில் நான் மட்டும்

சுந்தரம், மீனா... உங்கள் அம்மா அழுது பார்த்ததே இல்லை என்று தெருவில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். அவளை அழவிடாமல் செய்தவன் நான்.

உங்களுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை எங்களுக்குப் பிறந்தாள். செல்லாயி. இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. நான் பாத்திரக்கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது அது. தவழத் தொடங்கியவளுக்கு மாந்தம் கண்டது. வைத்தியர் கொடுத்த மருந்து எதுவும் வயிற்றில் தங்கவில்லை. உங்கள் அம்மாவும் நானும் மாறி மாறி விழித்திருந்தோம். கடைசியில் என்னிடம் பயம் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜட்கா வண்டி பிடித்துத் தெப்பக்குளத்துப் பக்கம் ஓர் அம்மன் கோயிலுக்குப் போனோம். தேறாத பிள்ளையை அம்மனுக்குத் தத்துக் கொடுப்பது நம் பக்கத்து வழக்கம். அவள் காலடியில் கிடத்திவிட்டால் பிள்ளை அவளுடையது. பெற்றவர்கள் வளர்ப்பவர்கள் மட்டுமே. பூசாரி குழந்தையை வாங்கிக் கிடத்தினார்; நெற்றியில் திருநீறு இட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இனி இது ஆத்தா புள்ள. பாரத்தை இங்க இறக்கி வச்சுட்டு வீட்டுக்குப் போங்க."

இறக்கி வைத்தேன். அதை எப்படிச் சொல்வேன்! அந்த எண்ணெய் மணமும் ஈரக் கல்லின் குளிர்ச்சியும்... வெயிலில் ஓடிக் களைத்த பிள்ளையைத் தாய் இழுத்து மடியில் போட்டுக்கொள்வது போல் இருந்தது. நினைவு தெரியுமுன்பே தாயை இழந்தவன் நான். மடி என்றால் என்ன என்று அன்றுதான் அறிந்தேன்.

வீட்டுக்கு வந்து படுத்தேன். தங்கையைப் பார்க்க வந்திருந்த உங்கள் மேலூர் மாமா கேலி செய்தார்.

"என்ன மாப்ள, புள்ளைய ஆத்தாகிட்ட குடுத்துட்டு இம்புட்டுக் குறட்டையா! எந்தங்கச்சியையும் கொஞ்சம் தூங்க விடுங்க."

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. குழந்தையின் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் செல்லாயி போய்விட்டாள்.

தெருப் பெண்கள் அழ வந்தார்கள். நான் வாசலை மறித்து நின்றேன்.

"ஆத்தா புள்ளைய ஆத்தா எடுத்துக்கிட்டா. யாரும் அழுக வேணாம், போங்க."

உள்ளே திரும்பி அம்மாவிடமும் சொன்னேன். "அழுகாத. அழுதா, குடுத்தத திருப்பிக் கேட்ட மாதிரி ஆகும். ஆத்தா கோவிச்சுக்கிருவா."

அவள் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். அன்றோடு அவள் அழுகை நின்றது.

பக்தி என்றே நினைத்தேன். பக்தியா அது? அழுகுரல் கேட்டால் எனக்குக் கிடைத்த நிம்மதி கலைந்துவிடும் என்ற பயம் அல்லவா! ஆத்தாளின் கருணையை நான் மட்டும் இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பெற்றவளை வெளியே நிறுத்திவிட்டேன்...

போன மாதம் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை இறந்ததே, நினைவிருக்கிறதா? அந்தத் தாயின் ஓலம் நம் வீட்டுக்குள் கேட்டது. "ஆத்தா பாத்துக்கிருவா. இந்தப் பொண்ணு ஏன் இம்புட்டு அழுவுது?" என்றேன்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"ஏங்க, ஆத்தாளும் தாயிதான? பெத்தவ அழுதா கோவிக்கிறவ என்ன தாயி?"

நான் எழுந்து வாசலுக்குப் போனேன். அன்று சந்நிதியில் கிடைத்த இளைப்பாறல் பொய் என்று என்னால் எழுத முடியாது. களைத்துப் போனால் இன்றும் அங்கேதான் போகிறேன். அவள் என்னைத் தள்ளியதில்லை. ஆனால் அவள் சொல்லாததை அவள் பெயரால் நான் சொன்னேனே! அதை எங்கே கொண்டுபோய் இறக்குவது?

இத்தனை காலம் கழித்து, "அழு" என்று எந்த வாயால் சொல்வேன்?

அதனால், அவள் ஒரு நாளாவது வீட்டில் தனியே இருக்கட்டும் என்றுதான் போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இருவரையும் மாமாவோடு மேலூருக்கு அனுப்பினேன். ரேஷன் அரிசி தின்று அலுத்த வாய்க்குப் புது அரிசிச் சோறு கிடைக்கும் என்று சொன்னது வெறும் சாக்கு. "நானும் வெளிய போறேன், பொழுது சாஞ்சுதான் வாரேன்" என்று அம்மாவிடம் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, வைகை மணலில் போய்த் தனியே உட்கார்ந்திருந்தேன்.

வெயில் தாழ்ந்ததும் திரும்பி வந்து வாசலில் நின்றேன். உள்ளே அம்மியில் அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அழுது முடித்துவிட்டாளா, அழவே இல்லையா... தெரியவில்லை.

கதவைத் தட்டாமல், இன்னொரு முறை தெருவைச் சுற்றிவரப் போனேன்.